எட்டப்பனுக்குச் சாட்சி யார்?

தமிழ்நாட்டில் ஒருவனைத் துரோகி என்று இழித்துரைக்க நீண்ட சொற்கள் தேவையில்லை. 'எட்டப்பன்' என்னும் ஒரு பெயரே போதும். பள்ளிச் சிறுவனும் அதன் பொருளை அறிவான். ஆனால் எட்டப்பன் என்பது தனியொருவரின் பெயரன்று. எட்டயபுரம் பாளையக்காரர்கள் வழிவழியாகத் தாங்கிவந்த பட்டப்பெயர். அம்மரபினர் ஆண்ட ஊரில்தான் சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடக்கமாகியுள்ளார். இசைமேதை முத்துசாமி தீட்சிதர் 1835-ல் உயிர்நீத்தார். 1882-ல் பாரதியார் பிறந்தார். புலவரையும் கலைஞரையும் ஆதரித்த ஓர் அரச மரபின் பெயர் வசைச்சொல்லாக மாறியது எவ்வாறு?

கதைப்பாடல்களும் மேடை நாடகங்களும் சொல்லிவந்த கதையை, 1959-ல் பி. ஆர். பந்துலு இயக்கிய 'வீரபாண்டிய கட்டபொம்மன்' ஊர்தோறும் கொண்டு சேர்த்தது. சிவாஜி கணேசனின் நடிப்பு கடல் கடந்தும் புகழ்பெற்றது. 1960-ல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் அவர் சிறந்த நடிகராகத் தெரிவு செய்யப்பட்டார். கட்டபொம்மன் ஜாக்சன் துரையை எதிர்த்து முழங்கும் உரையாடலைப் பள்ளி மேடைகளில் ஒப்புவிக்காத தலைமுறை இல்லை எனலாம். அது சக்தி கிருஷ்ணசாமியின் எழுதுகோல் ஈன்ற உரையாடல். கேட்டவர்களோ அதனை வரலாற்றுப் பதிவாகவே நெஞ்சில் ஏற்றனர்.

ஆவணங்கள் சொல்லும் வரலாறு இதனினும் சிக்கலானது. 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் கட்டபொம்மனும் ஜாக்சனும் சந்தித்தபோது கைகலப்பு மூண்டு, லெப்டினன்ட் கிளார்க் என்னும் அதிகாரி கொல்லப்பட்டார். கும்பினியாரின் சென்னை அரசு விசாரணைக் குழு அமைத்தது. அக்குழு குறை கண்டது கட்டபொம்மனிடத்தில் அன்று, ஜாக்சனிடத்தில். அவர் பதவி இழந்தார். மறு ஆண்டில் நிலைமை மாறியது. 1799 செப்டம்பரில் பானர்மன் படையுடன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கினார். தப்பிச் சென்ற கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். அவ்வாண்டு அக்டோபர் 16-ஆம் நாள் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார்.

எட்டயபுரத்தார் கும்பினியார் பக்கம் நின்றதும், பாஞ்சாலங்குறிச்சி நிலத்தில் ஒரு பகுதியைப் பரிசாகப் பெற்றதும் உண்மையே. அவர்களைக் குற்றமற்றோர் ஆக்குவது நம் நோக்கமன்று. ஆனால் அவ்விரு பாளையங்களுக்கும் இடையே எல்லைத் தகராறும் பகையும் நெடுங்காலமாக இருந்தன. பகைவன் எதிரணியில் சேர்வது வேறு. நம்பியவனைக் காட்டிக்கொடுப்பது வேறு. பிடித்துக் கொடுத்தவரின் பெயர் வசையாகவில்லை. எட்டப்பனின் பெயரே வசையாயிற்று. அந்த எட்டப்பனுக்காகச் சாட்சி சொல்ல எவரும் முன்வரவில்லை, மறுவிசாரணையும் இல்லை.

மூவகை மாற்றங்கள்

உண்மையில் வாழ்ந்தவர்களைப் பற்றிய திரைப்படங்கள் எந்த அளவு மெய்யானவை என்ற வினா இன்று அடிக்கடி எழுகிறது. பெரும்பாலும் நாயகனை மட்டுமே வைத்து நாம் அதற்கு விடை தேடுகிறோம். அவர் அவ்வாறு உடுத்தினாரா, அவ்வாறு பேசினாரா, இத்தனை உயரமானவரா என்று ஆராய்கிறோம். இவை சிறிய வினாக்கள். வேறொன்றை அளவுகோலாகக் கொள்ளுமாறு வேண்டுகிறோம். நாயகனின் வாழ்வில் குறுக்கிட்ட மற்ற மனிதர்களுக்கு அப்படம் என்ன செய்தது?

வாழ்வைப் படமாக்குவோர் மூவகை மாற்றங்களைச் செய்கின்றனர். முதலாவது, சுருக்கம்: அறுபது ஆண்டுகளை மூன்று மணி நேரத்தில் அடக்க வேண்டும். இரண்டாவது, நிரப்புதல்: மூடிய அறைக்குள் கணவனும் மனைவியும் பேசியதை எந்த ஆவணமும் குறிக்கவில்லை, கலைஞன் அதனைக் கற்பனையால் நிரப்புகிறான். இவ்விரண்டும் கலையின் இயல்பு. இவற்றைப் பொய் என்று தள்ளினால் நல்ல படங்கள் பலவற்றை இழப்போம்.

அதே பந்துலு 1961-ல் தந்த 'கப்பலோட்டிய தமிழன்' இதற்குச் சான்று. ம. பொ. சிவஞானத்தின் நூலைத் தழுவிய அப்படம் வசூலில் தோற்றது. ஆயினும், வறுமையில் வாடி 1936-ல் மறைந்த வ. உ. சிதம்பரனாரை எழுத்தறியாத தமிழரும் அறியச் செய்தது. அந்நன்றியைத் தமிழகம் மறக்கலாகாது.

மூன்றாவது மாற்றமோ வேறு வகையானது. அதனைப் பழிமாற்றம் எனலாம். நாயகனின் ஒளி கூட வேண்டும் என்பதற்காக இன்னொருவர்மேல் இருளைப் பூசுவது அது. சிதம்பரனாரின் வாழ்விலேயே இதற்கு மறுப்பு உண்டு. ஆங்கிலேயரின் சிறையில் செக்கிழுத்த அவர், பறிபோன வழக்கறிஞர் உரிமத்தைத் தமக்கு மீட்டளித்த ஆங்கிலேய நீதிபதி வாலஸின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் சூட்டினார். பகைவர் அணியிலும் நீதிமான் உண்டு என்பதை அந்த வீரர் மறைக்க விரும்பவில்லை. நாயகன், வில்லன் என்ற இரு நிறங்களை மட்டுமே அறிந்த திரையில் இத்தகைய நன்றியுணர்வுக்கு இடம் கிடைப்பது அரிது.

கரையான்சாவடி தரும் பாடம்

ஒரு மனிதனைக் குற்றவாளி என்று தீர்ப்பது எத்துணைக் கடினம் என்பதைக் கரையான்சாவடிப் பகுதியில் வாழும் நாம் நன்கு அறிவோம். 1991 மே 21-ஆம் நாள் இரவு, முன்னாள் தலைமை அமைச்சர் இராஜீவ் காந்தி நம் பூவிருந்தவல்லி வழியாகவே திருப்பெரும்புதூர் சென்றார், அங்குக் கொல்லப்பட்டார். அவ்வழக்கு நம் வட்டாரத்தின் பூவிருந்தவல்லிச் சிறப்பு நீதிமன்றத்தில் பல ஆண்டுகள் நடந்தது. 288 சாட்சிகள் விசாரிக்கப்பட்டனர். 1998 சனவரி 28-ஆம் நாள் குற்றஞ்சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை விதிக்கப்பட்டது.

அன்று அத்தீர்ப்பைப் படித்தோரில் எத்தனை பேர், இருபத்தாறு பேரும் கொலைகாரரே என்று உறுதி கொண்டிருப்பர்! ஆனால் 1999 மே 11-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மரண தண்டனையை உறுதி செய்து, மூவரின் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்து, எஞ்சிய 19 பேரைக் கொலைச் சதிக் குற்றத்திலிருந்து விடுவித்தது. முறையாகச் சாட்சிகளை விசாரித்த ஒரு நீதிமன்றத்தின் தீர்ப்பிலேயே பத்தொன்பது உயிர்கள் மேல்முறையீட்டால் தப்பின.

இப்போது திரையை எண்ணிப் பார்ப்போம். அப்படுகொலையைப் பின்னணியாகக் கொண்டு ஆர். கே. செல்வமணி இயக்கிய 'குற்றப்பத்திரிகை' பல்லாண்டுகள் தடைப்பட்டு 2007-ல்தான் வெளியாயிற்று. படத்தைத் தடுத்து வைத்தது சரியா என்பது தனி வழக்கு. கருத்துரிமையை மதிக்கும் எவருக்கும் அத்தடை உறுத்தலாகவே இருக்கும். நாம் சொல்ல வருவது வேறு. வழக்கு நடந்துகொண்டிருக்கையில் எவரேனும் அந்த இருபத்தாறு பேரையும் உரிய பெயரோடும் முகத்தோடும் கொலைகாரராகத் திரையில் தீட்டியிருந்தால், அந்தப் பத்தொன்பது பேர் எங்குச் சென்று மேல்முறையீடு செய்வர்? நீதிமன்றத் தீர்ப்பைத் திருத்த இன்னொரு நீதிமன்றம் உண்டு. மக்கள் நெஞ்சில் பதிந்த படத்தைத் திருத்த எந்த மன்றம் உண்டு?

பெயரை மாற்றினாலும்

பெயரை மாற்றிவிட்டால் சிக்கல் தீரும் என்று சிலர் கருதுவர். 2021-ல் த. செ. ஞானவேல் இயக்கிய 'ஜெய் பீம்' இதற்கு விடை தருகிறது. 1993-ல் விருத்தாசலம் பகுதியில் குறவர் குலத்தைச் சேர்ந்த இராசாக்கண்ணு என்னும் ஏழை காவலர் பிடியில் கொல்லப்பட்ட கொடுமையும், வழக்கறிஞர் கே. சந்துருவின் துணையோடு அவருடைய மனைவி நடத்திய நீதிப் போராட்டமும் அப்படத்தின் கரு. மறக்கப்பட்ட ஓர் ஏழைப் பெண்ணின் கண்ணீரை நாடறியச் செய்த அப்படம் பாராட்டுக்குரியது.

ஆயினும் படத்தில் கொல்லப்பட்டவர் இருளர் ஆக்கப்பட்டார். கொடுமை செய்த காவல் உதவி ஆய்வாளரின் பெயரும் மாற்றப்பட்டது. அவர் வீட்டுக் காட்சியில் சில நொடிகளே தெரிந்த நாட்காட்டி ஒன்று வேறொரு சமூகத்தின் அடையாளத்தைத் தாங்கியிருந்ததால் பெரும் எதிர்ப்பு எழுந்தது. காட்சி திருத்தப்பட்டது, இயக்குநர் வருத்தம் தெரிவித்தார்.

இவ்விடத்தில் நாம் ஓர் உண்மையை எதிர்கொள்ள வேண்டும். உண்மை நிகழ்வின் அந்த அதிகாரி தாங்கியிருந்தது ஒரு கிறித்தவப் பெயர். அப்பெயர் மாற்றப்படாமல் திரையில் ஒலித்திருந்தால், சுவரில் நாட்காட்டிக்குப் பதில் திருஇருதயப் படம் தொங்கியிருந்தால், நாம் அமைதியாக இருந்திருப்போமா? 'கிறித்தவரை இழிவுபடுத்துகிறார்கள்' என்று நம்மவரும் குரல் எழுப்பியிருக்கக்கூடும். நமக்குச் சாதகமான மாற்றம் நம் கண்ணில் படுவதில்லை. பாதகமான உண்மையோ உடனே உறுத்துகிறது. படங்களின் மெய்ம்மையைப் பற்றிப் பேசுமுன் நம் நடுநிலையைச் சோதிப்பது நலம்.

நம் இல்லத்திலும்

இக்குறை நம் சமயப் படங்களிலும் உண்டு. லூர்து அன்னையின் காட்சி பெற்ற புனித பெர்னதெத்தின் வாழ்வைச் சொல்லும் ஆங்கிலப்படம் 1943-ல் வெளிவந்தது. அதற்கு மூலமான புதினத்தை எழுதியவர் பிரான்ஸ் வெர்பல் என்னும் யூதர். நாசிகளுக்கு அஞ்சி ஓடிய அவர் 1940-ல் லூர்து நகரில் அடைக்கலம் பெற்றார். உயிர் தப்பினால் பெர்னதெத்தின் கதையை எழுதுவதாக அங்கே நேர்ந்துகொண்டார். அப்படத்தைக் கண்டு கண் கலங்காத கத்தோலிக்கர் குறைவு.

ஆனால் அதில் வரும் அரசு வழக்கறிஞர் துத்தூர் கடவுள் நம்பிக்கையற்ற ஏளனக்காரராகக் காட்டப்படுகிறார். இறுதியில் நோயுற்றுக் கெபியின் முன் வந்து நிற்கிறார். வரலாற்றில் வாழ்ந்த துத்தூரோ ஒழுங்காகத் திருப்பலியில் பங்கேற்ற கத்தோலிக்கர். காட்சியை ஐயுற்ற காரணத்தால் அவர் நாத்திகராக்கப்பட்டார். நம்பிக்கை உள்ளவரும் நேர்மையாக ஐயுறலாம் என்னும் அரிய பாடம் இதனால் மறைந்து போயிற்று. 1858-ல் லூர்தின் பங்குத்தந்தையே முதலில் ஐயுற்றார் அல்லவா?

இதனினும் பெரிய பழிமாற்றத்தையும் நாம் எண்ண வேண்டும். ஆண்டவரின் பாடுகளை நாடகமாக நடிப்பது தொன்மையான பக்திமுயற்சி. ஜெர்மனியின் ஓபரம்மர்காவ் ஊரில் 1634 முதல் அது நடந்து வருகிறது. நம் தமிழகத்திலும் ஆவூர், இடைக்காட்டூர் முதலிய ஊர்களின் பாஸ்கா புகழ்பெற்றது. ஐரோப்பாவில் இத்தகைய நாடகங்கள் பல, யூத இனத்தார் அனைவரையும் கிறிஸ்துவைக் கொன்றவர்களாகத் தீட்டின. நாடகம் கண்டு திரும்பியோர் யூதர் குடியிருப்புகளைத் தாக்கிய காலமும் உண்டு.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28-ஆம் நாள் வெளியிட்ட ஏட்டில், ஆண்டவரின் பாடுகளுக்கு அன்றைய யூதர் அனைவரையுமோ இன்றைய யூதரையோ பொறுப்பாக்க இயலாது என்று தெளிவுபடுத்தியது. ஓபரம்மர்காவ் நாடகத்தின் வசனங்களும் பின்னர்த் திருத்தப்பட்டன. ஒரு தனிமனிதர் எட்டப்பனானால் ஒரு மரபின் பெயர் கெடுகிறது. ஓர் இனமே எட்டப்பனாக்கப்பட்டால் உயிர்கள் போகின்றன.

திருச்சபையின் வழிமுறை

வாழ்வுகளை எடுத்துரைப்பதில் திருச்சபை பல நூற்றாண்டுகளாகக் கற்றுக்கொண்ட பாடங்கள் உண்டு. புனிதர் வரலாறுகளில் கலந்த கட்டுக்கதைகளைப் பிரித்தறியும் பணியை இயேசு சபையின் பொல்லாண்டியர் குழு மேற்கொண்டது. அவர்களின் முதல் தொகுதிகள் 1643-ல் வெளிவந்தன. 1969-ல் திருத்தந்தை ஆறாம் பவுல் வழிபாட்டு நாட்காட்டியைச் சீரமைத்தபோது, போதிய வரலாற்றுச் சான்று இல்லாத சிலரின் விழாக்கள் பொது நாட்காட்டியிலிருந்து நீங்கின. மக்கள் அன்போடு வணங்கிய புனித கிறிஸ்தோபர் விழாவும் அவற்றுள் ஒன்று. பக்தி குன்றும் என்றஞ்சித் திருச்சபை உண்மையை ஒதுக்கவில்லை.

புனிதர் பட்ட விசாரணையில், பட்டத்துக்கு எதிராக வாதிட ஓர் அதிகாரியே நியமிக்கப்பட்டு வந்தார். 1983-ல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அம்முறையை மாற்றியமைத்தார். எனினும் எதிர்ச்சான்றைக் கேட்கும் வழக்கம் மறையவில்லை. அன்னை தெரேசாவைக் கடுமையாகத் தாக்கி எழுதிய கிறிஸ்டோபர் ஹிச்சன்ஸ் என்னும் நாத்திக எழுத்தாளரும் அழைக்கப்பட்டார். அவரது சான்றும் பதிவு செய்யப்பட்டது. அன்னை 2016-ல் புனிதராக உயர்த்தப்பட்டபோது, அப்பெருமை எதிர்ப்பையும் கேட்டபின் வந்த பெருமையாக விளங்கியது.

நற்செய்தியாளர் நால்வரும் இவ்வழியையே காட்டுகின்றனர். திருச்சபையின் தலைவரான பேதுரு மும்முறை மறுதலித்ததை நால்வரும் மறைக்கவில்லை. மறுபுறம், சிலுவையில் அறைந்த உரோமைப் படையைச் சேர்ந்த நூற்றுவர் தலைவன் வாயிலிருந்தே விசுவாச அறிக்கை எழுவதையும் அவர்களுள் மூவர் பதிவு செய்கின்றனர். தம்மவரின் குற்றமும் எதிரியின் நன்மையும் ஒரே ஏட்டில் இடம்பெறுகின்றன.

நாம் செய்யத்தக்கது

பிறருக்கு எதிராகப் பொய்ச்சான்று சொல்லலாகாது என்னும் கட்டளையைப் படமெடுப்போருக்கு மட்டும் உரியதாக்கிவிட்டு நாம் ஒதுங்க இயலாது. பொய்ச்சான்று நிலைபெற, கேட்டு நம்புவோரும் வேண்டும். இருவர் மூவர் சாட்சியத்தால் ஒன்றை உறுதி செய்வது விவிலிய மரபு. அதனைப் படம் பார்ப்பதிலும் கைக்கொள்ளலாம். 1982-ல் வெளிவந்த ரிச்சர்ட் அட்டன்பரோவின் 'காந்தி', ஒரு வாழ்வை ஒரே படத்தில் முழுமையாக அடக்க முடியாது என்ற ஒப்புதலோடு தொடங்குகிறது. அது நேர்மை. ஆயினும் அதில் அம்பேத்கர் இல்லை. ஜப்பார் பட்டேல் இயக்கிய அம்பேத்கர் வரலாற்றுப் படத்தில் காந்தியடிகள் வேறு கோணத்தில் தோன்றுகிறார். இரண்டையும் பார்த்தவரே அக்காலத்தை ஓரளவு அறிந்தவர் ஆவார்.

தவக்காலத்தில் பங்குகளில் புனிதர் படங்களைத் திரையிடுகிறோம். மறைக்கல்வி வகுப்பிலும் காட்டுகிறோம். படம் முடிந்ததும் பிள்ளைகளிடம் ஒரு வினாவைக் கேட்கலாம்: 'இப்படத்தில் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்பளிக்கப்படாதவர் யார்?' விடை தேடும் பிள்ளை நூலகத்துக்குச் செல்லும். செல்லாவிட்டாலும், அடுத்த வீட்டாரைப் பற்றி ஒரு வதந்தியைக் கேட்கும்போது அதே வினாவை நினைத்துக்கொள்ளும்.

மத்தியப் பிரதேசத்தின் இந்தூர் அருகே, ஏழைப் பழங்குடி மக்களுக்காக உழைத்த அருள்சகோதரி இராணி மரியா 1995 பிப்ரவரி 25-ஆம் நாள் பேருந்துப் பயணத்தின்போது குத்திக் கொல்லப்பட்டார். 2017-ல் அவர் அருளாளராக உயர்த்தப்பட்டார். 2023-ல் அவர் வாழ்வு, முகமற்றோரின் முகம் என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்போடு படமாக வந்தது. ஆனால் அப்படம் வருவதற்கு நெடுநாள் முன்பே, 2002-ல், அவருடைய உடன்பிறந்த அருள்சகோதரி செல்மி பால் சிறைக்குச் சென்று, கொலை செய்த சமுந்தர் சிங்கின் கையில் இராக்கி கட்டி அவரைச் சகோதரனாக ஏற்றுக்கொண்டார். சமுந்தர் சிங் மனம் மாறினார். விடுதலைக்குப் பின் அக்குடும்பத்தாரைத் தேடிச் சென்றார். குற்றத்தை அக்குடும்பம் மறைக்கவில்லை. குற்றவாளி என்ற ஒரு சொல்லுக்குள் அம்மனிதரை அடைத்துவிடவும் இல்லை. அருளாளரின் கதையை இனி எவர் படமாக்கினாலும், வில்லன் என்று ஒருவரைக் காட்டி முடித்துவிட இயலாது. அந்தக் கையில் கட்டிய கயிற்றையும் காட்டியே தீரவேண்டும்.

எட்டப்பன் கையில் எவரும் கயிறு கட்டவில்லை. அவர் பெயரைச் சொல்லி ஒருவரை ஏசுமுன், அவர் பக்கத்தில் ஒரு சாட்சியையேனும் கேட்டோமா என்று நம்மையே வினவிக்கொள்வோம்.